தொட்டுப் பார்த்த குழி

ஏழாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். ஆதிமூலம் சக்கரவர்த்திக்குத் தர வேண்டிய கூலி பாக்கி அது. தியாகதுருகத்துப் பக்கம் ஆதிமூலத்தின் கல்குவாரியில் கம்ப்ரசர் துளை மிஷினை நெஞ்சோடு அணைத்துப் பாறையில் வெடிக்குழி போட்ட கூலி. சித்திரையில் போட்ட குழிகளுக்கு ஆடி பாதி கழிந்தும் காசு வந்தபாடில்லை.

"பெர்மிட்டு முடிஞ்சு குவாரிய மூடிட்டாங்கடா. கல்லு வெளிய போனா தான காசு? நா இன்னா நோட்டா அடிக்கிறேன்?" என்பார் ஆதிமூலம். சொல்லும்போது மட்டும் ஆள் முகத்தைப் பார்க்க மாட்டார். தென்னை மரத்தைப் பார்த்துச் சொல்வார், இல்லாவிட்டால் தன் செருப்பைப் பார்த்துச் சொல்வார்.

சக்கரவர்த்திக்கு வீடு கல்வராயன் மலைமேல். பெண்சாதி சாமியம்மாள் அங்கிருந்து போன் போட்டால் மணி அடிப்பதே திட்டுகிற மாதிரி இருக்கும்.

"மழ பேஞ்சு ஈரம் நிக்குது. அண்டக் கொல்லையெல்லாம் சாமை வெதச்சுட்டாங்க. நம்ம கொல்ல மட்டும் மொட்டையா கெடக்குது. வெதைக்கும் ஏருக்கும் காசு வோணும். நீ கீழ உக்காந்து கல்ல எண்ணிக்கினு இருக்கியா?"

"ஆதிமூலம் தர்ரேன்னு சொல்லிக்கினு இருக்காரு."

"அவரு சொல்லிக்கினே இருப்பாரு. ஆடி நமக்காவ நிக்குமா?"

நிற்காது. ஆடியில் விதை மண்ணுக்குள் போகவில்லை என்றால் அந்த வருஷமே போச்சு. அது மலையில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும்.

அந்த வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அறிவியல் படக் கண்காட்சி என்று ஆள் கூப்பிட்டார்கள். ஆணி அடித்துப் படம் மாட்டுகிற வேலை. கல்லுக்கு அது தேவலை என்று போனான். வாசலிலேயே அவனுக்குத் திக்கென்றது. வருக வருக என்று பெரிய பேனர். அதில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டு ஆதிமூலம். நன்கொடை வழங்கி விழாவைத் திறந்து வைப்பவர் என்று கீழே எழுதியிருந்தது. சக்கரவர்த்தி தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் எழுத்துக் கூட்டக் கற்றவன். ஆனால் 'நன்கொடை' என்பதை அவன் கூட்டவே வேண்டியிருக்கவில்லை. ஒரே மூச்சில் வந்துவிட்டது.

கூலி கொடுக்கக் காசில்லை. கொடை கொடுக்க இருக்கிறது. அப்படியென்றால் எங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து?

அந்தச் சந்தேகத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினான். கண்காட்சியை நடத்துகிற இசைவாணி என்கிற பெண் எந்தப் படம் எங்கே என்று கை காட்டிக்கொண்டே இருந்தாள். படத்துக்குக் கீழே ஒட்டவேண்டிய விளக்கச் சீட்டெல்லாம் அச்சகத்திலிருந்து மறுநாள் காலையில்தான் வருமாம். அதனால் எல்லாம் பெயரில்லாத படங்கள்.

அந்தக் காலத்தில் யாரோ கையால் வரைந்த நிலா. புகை கக்குகிற ரயில் எஞ்சின், அதன் மேல் முறுக்கு மீசைக்காரர்கள். ஒரு அணை எழும்புகிறது, வரிசையாகப் பெண்கள் தலையில் கல் சுமந்து போகிறார்கள். அந்தப் படத்தை மாட்டும்போது, இவர்களுக்கெல்லாம் ஒழுங்காகக் கூலி வந்திருக்குமா என்று அவனுக்குத் தோன்றியது. அடுத்தது, மாட்டுவண்டியில் பளபளவென்று ஒரு எந்திரம். விண்வெளிக்கு அனுப்பினது என்று இசைவாணி சொன்னாள்.

"மாட்டு வண்டிலயா?" என்றான்.

"வண்டி வரைக்கும் மாடு. அப்புறம் ராக்கெட்டுண்ணே."

சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. காசு வராதவனுக்கு எந்தச் சிரிப்பிலும் ஒரு உள்குத்து தெரியும்.

பிறகு உறையைப் பிரித்து ஒரு படத்தை எடுத்தான். எடுத்தவன் கை அப்படியே நின்றது.

செம்புழுதி படிந்த பாறை. நடுவில் சுத்தமாக உருண்டையாகப் போட்ட ஒரு குழி. குழியைச் சுற்றிச் சாம்பல் நிற மாவு, வட்டமாக, கலையாமல். மேலே செம்மண், உள்ளே சாம்பல். ஆதிமூலம் குவாரியின் மேற்குப் பாறை அச்சாக அப்படித்தான் இருக்கும். அது கூடப் பரவாயில்லை. பெரிய குழிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, இன்னொரு சின்னக் குழி. ஆழமில்லாமல், சும்மா தொட்டு எடுத்த மாதிரி.

அது சக்கரவர்த்தியின் பழக்கம். மிஷினை ஆழமாக இறக்குவதற்கு முன்னால் பக்கத்தில் லேசாகத் தொட்டுப் பார்ப்பான். கல் தாங்குகிறதா, பிளந்துகொள்கிறதா என்று கைக்குத் தெரிந்துவிடும். குவாரியில் மற்றவர்கள் கேலி பண்ணுவார்கள். "பொண்ணு பாக்கப் போறியாடா கல்ல?" என்பார்கள். அந்தப் பழக்கத்தை அவனிடமிருந்து பிடித்துக்கொண்டவன் ஒரே ஒருத்தன். கூடவே மிஷின் பிடித்த அன்புச்செல்வன்.

மாவு கலையவில்லை. ஒரு மழை விழுந்திருந்தால் கரைந்திருக்கும். காற்று அடித்திருந்தால் பறந்திருக்கும். ஆக, இந்த ஆடி மழைக்குப் பிறகு போட்ட புதுக் குழி. மூடின குவாரியில் புதுக் குழி. போட்டவன் அன்புச்செல்வன். நன்கொடை கொடுத்த பெருமைக்கு ஆதிமூலம் தன் பாறையையும் இந்தப் பெரிய பெரிய படங்களோடு மாட்டச் சொல்லியிருக்கிறார்.

எல்லாம் கல் மேல் கல்லாக உட்கார்ந்துவிட்டது. இசைவாணியைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவளும் ஆதிமூலத்தின் காசில் விழா நடத்துகிறவள்தானே? கேட்டால் அவர் காதுக்குப் போய்விடும். அவள் அந்தப் பக்கம் திரும்பின நேரத்தில் செல்போனில் படத்தைப் பிடித்துக்கொண்டான். பிறகு ஒன்றும் தெரியாதவன் போல ஆணி அடித்து மாட்டினான்.

வேலை முடிந்து வெளியே வந்தால் டீக்கடையில் அன்புச்செல்வன். சொல்லி வைத்த மாதிரி.

"இன்னா சக்கரவர்த்தி, ஆளையே காணம்? வா, டீ சாப்புடு."

சக்கரவர்த்தி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில், மணிக்கட்டு மயிரில், வெள்ளை வெள்ளையாக மாவு.

"எங்க வேல?"

"எலவனாசூர்கோட்டையில வூட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறேன்."

"சுண்ணாம்பா? சரி சரி. உன் டீ எனக்கு வாணாம்பா. அதுலயும் கல்லு மாவு கலந்திருக்கும்."

"ஏன்டா, இன்னா பேசற நீ? காலங்காத்தால எதுனா ஊத்திக்கினியா?"

"சாயங்காலம்டா இது. உனக்குப் பொழுதே தெரியல, அவ்ளோ வேல போலிருக்குது."

அன்புச்செல்வன் கையில் இரண்டு டீயோடு நின்றான். சக்கரவர்த்தி திரும்பிப் பார்க்காமல் தியாகதுருகம் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

ஆதிமூலம் வீட்டு வாசலில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நாளைக்குத் திறப்பு விழாவுக்கு.

"வாடா. காசுன்னு மட்டும் வாயத் தொறக்காத," என்றார் ஆதிமூலம், தென்னையைப் பார்த்து.

"காசு கேக்க வரலைங்க முதலாளி. குவாரி ஓடுதாமே, வேல கேக்க வந்தேன்."

"எந்தக் குவாரி? மூடிக் கெடக்குதுன்னு எத்தினி தபா சொல்றது?"

சக்கரவர்த்தி போனை நீட்டினான். ஆதிமூலம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். படத்தை விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். 

"இத எவன் எடுத்தான்?"

சக்கரவர்த்திக்கு அந்தக் கேள்வி எதிர்பாராதது. இவர் மாட்டச் சொன்ன படமென்றால் இவரே ஏன் கேட்கிறார்?

"எனுக்கு இன்னா தெரியும்? மண்டபத்துல மாட்டியிருக்குது. நான் தான் ஆணி அடிச்சேன்."

"மண்டபத்துலயா? நாளைக்கு நான் தொறக்கப் போற மண்டபத்துலயா?" ஆதிமூலம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "கனிமத்துறை ஆபீசரு வேற வராருடா! அவங்க வேலதான் இது. ட்ரோன் வுட்டு எடுத்திருக்கானுங்க. நாலு பேரு முன்னால என்னய நிக்க வெச்சுக் கேக்கப் போறானுங்க."

"மூடின குவாரிதான? கேட்டா கேட்டுட்டுப் போறாங்க."

"டேய், ஒரு வாரமா தான்டா ஓட்டறேன். அதுவும் காலையில கொஞ்ச நேரம். ஆந்திராக்காரனுங்க ரெண்டே பேரு. வேற ஒரு ஈ காக்கா உள்ள வரல."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது போலத் தானே வந்து சொன்னார் ஆதிமூலம். சக்கரவர்த்தியின் காதில் விழுந்தது வேறு. ஆந்திராக்காரர்கள் இரண்டே பேர். அப்படியானால் அன்புச்செல்வன் கையில் இருந்தது சுண்ணாம்புதான். இரண்டு டீயோடு நின்ற அந்தக் கைகள் நெஞ்சில் வந்து குத்தின.

ஆனால் அதைப் பார்க்க இப்போது நேரமில்லை.

"என் பாக்கி, முதலாளி."

ஆதிமூலம் இந்த முறை தென்னையைப் பார்க்கவில்லை. உள்ளே போனார். வந்தார். எண்ணி வைத்தார். சில்லறை ஐம்பதுக்கு மட்டும் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அஞ்சறைப்பெட்டியிலிருந்து எடுத்துவரச் சொன்னார். நோட்டில் கடுகு வாசனை அடித்தது.

"நீ தான மாட்டுன? நான் வர்ரதுக்குள்ள அந்தப் படத்த நீயே கழட்டிடு. யாரு கிட்டயும் மூச்சு வுடக் கூடாது."

"மாட்டுனவனுக்குக் கழட்டத் தெரியாதாங்க," என்றான் சக்கரவர்த்தி.

சொன்ன சொல்லுக்காகக் காலையில் முதல் ஆளாக மண்டபத்துக்குப் போனான். அவனுக்கு முன்னாலேயே இசைவாணி வந்து, விளக்கச் சீட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தாள். செம்பாறைப் படத்துக்குக் கீழேயும் ஒட்டியாகிவிட்டது. சக்கரவர்த்தி கிட்டே போய் எழுத்துக் கூட்டினான். செவ்... வாய்க்... கோளில்... ஆய்வு ஊர்தி... துளையிட்ட... பாறை.

இன்னொரு தரம் கூட்டினான். அதேதான் வந்தது.

"செவ்வாயின்னா? ஜாதகத்துல வருமே, அதுவாம்மா?"

"அதேதாண்ணே. வானத்துல செவப்பாத் தெரியும் பாருங்க."

"அங்க போயி எவன் குழி போட்டான்?"

"ஆளு யாரும் கெடையாதுண்ணே. மிஷினே போச்சு, மிஷினே குழி போட்டுச்சு, மிஷினே படம் புடிச்சு அனுப்புச்சு."

"மாவு கலையவே இல்லியே?"

"அங்க மழ கெடையாது. காத்தும் ரொம்பக் கம்மி."

சக்கரவர்த்தி நம்பவில்லை. ஆளில்லாத இடத்தில் குழி, மழையில்லாத ஊரில் பாறை. இதை யார் போய்ப் பார்த்தது? ஆதிமூலம் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கடைசியில் விரலை நீட்டினான்.

"சரி. பக்கத்துல அந்தச் சின்னக் குழி எதுக்கு?"

"அதுவா? ஆழமாப் போடறதுக்கு முன்னாடி மிஷின் லேசாத் தொட்டுப் பாக்கும். பாறை தாங்குமா, ஒடஞ்சிடுமான்னு."

சக்கரவர்த்தி அந்தச் சின்னக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றான். பொய் சொல்கிறவனுக்கு அந்தக் குழி தோன்றாது. கல்லைப் பார்த்துப் பயந்தவனுக்குத்தான் தோன்றும்.

படத்தைக் கழற்ற ஆணிவரை போன கை இறங்கிவிட்டது. குவாரிப் படத்தைக் கழற்றுவதாகத்தான் வாக்கு. இது குவாரி இல்லையே.

மேளம் கேட்டது. ஆதிமூலம் வெள்ளைச் சட்டையில் வந்து நாடாவை வெட்டினார். பக்கத்தில் கனிமத்துறை அதிகாரி. நிலா, ரயில், அணை என்று பார்த்துக்கொண்டே வந்த கூட்டம் செம்பாறைக்கு முன்னால் நின்றது. ஆதிமூலத்தின் காதோரம் வேர்வை ஓடி இறங்கியது. அவர் கண் கூட்டத்துக்குள் சக்கரவர்த்தியைத் தேடியது.

இசைவாணி உரக்க விளக்கினாள். செவ்வாய், ஊர்தி, துளை.

"அட, அங்கயும் ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றார் அதிகாரி. "பெர்மிட்டு யாரு குடுத்தது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆதிமூலமும் சிரித்தார், எல்லோரும் முடித்த பிறகு.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும் கைகழுவுகிற இடத்தில் சக்கரவர்த்தியை மடக்கிவிட்டார்.

"ஏன்டா டேய், செவ்வாய் கெரகத்தக் காட்டியா எங்கிட்ட காசு வாங்குன?"

"நா குவாரின்னு நெனச்சேங்க. நீங்களும் அப்டித்தான நெனச்சீங்க?"

 இரண்டு குழாய் தள்ளி அதிகாரி கை கழுவிக்கொண்டிருந்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

"இன்னா ஆதிமூலம், எதுனா பிரச்சினையா?" என்றார் அதிகாரி, கையை உதறிக்கொண்டே.

"அய்ய, ஒண்ணுமில்லிங்க. நம்ம ஆளுதான். கூலிக் கணக்கு ஒண்ணு இருந்துது." சக்கரவர்த்தியைப் பார்த்தார். இந்தத் தடவை நேராக, முகத்தைப் பார்த்து. "முடிஞ்சுதுல்ல?"

சக்கரவர்த்தி மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மலைக்கு மத்தியானம் ஒரு பஸ் இருந்தது. அதற்குள் விதைச் சாமை வாங்க வேண்டும். டீக்கடையில் அன்புச்செல்வன் இருந்தால் இரண்டு டீ சொல்ல வேண்டும்.

"முடிஞ்சுதுங்க," என்றான்.