வலது பக்கத் தோணி

எனக்கு வேலை சிதம்பரத்தில், வீடு கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில். ஒரு கல்லூரியின் விலங்கியல் மியூசியத்தில் அட்டெண்டர். நண்டோ தேளோ கடல்குதிரையோ, செத்ததைக் கண்ணாடி மாதிரி இறுகும் ரெசின் பசைக்குள் வார்த்து, பெயர் ஒட்டி அலமாரியில் வைப்பது என் பொறுப்பு. அப்துல் வதூது கைபட்டால் ஒரு குமிழி இருக்காது என்று புரொபசரே என்னைப் பற்றிச் சொல்வார். சொல்லி என்ன பிரயோஜனம், ஆறு வருஷமாகத் தற்காலிகம்தான்.

அறுபத்து நாலு ஜனவரியில் மச்சானிடமிருந்து கடிதம் வந்தது. மச்சான் என்றால் லியாக்கத் அலி, என் மனைவி மலிகாவின் அண்ணன். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், கணக்குப் பரீட்சையில் என் பேப்பரைப் பார்த்துத்தான் கரை ஏறினான். இப்போது சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பட்டறையில் ஸ்டோர்கீப்பர். நான் செத்த நண்டோடு உட்கார்ந்திருக்கிறேன். இதில் எனக்கு எரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய்.

துரைக்கு ரெசின் வார்க்கத் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டுமாம். சின்ன வயதில் கடல்மேல் பந்தயம் விடும் விமானம் ஒன்றுக்கு வேலை செய்தவராம் அவர். அந்த விமானத்தை அடிக்கு அரை அங்குலக் கணக்கில் ரெசினிலேயே செய்து அனுப்பு, பிடித்துவிட்டால் இங்கே வேலைக்குப் பர்மிட் எடுத்துத் தருவார் என்று எழுதியிருந்தான். கூடவே ஒரு போட்டோவும், பழுப்புக் காகிதத்தில் அவன் கையால் போட்ட படமும், அளவுகளும்.

புரொபசரிடம் கெஞ்சி, நாள் கடந்துபோன ரெசின் டின் ஒன்றை வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அன்று ஆரம்பித்தது சனியன். மரத்தில் உடம்பைச் செதுக்கி, பிளாஸ்டர் அச்செடுத்து ஊற்றினால், உள்ளே ஆயிரம் குமிழி. சித்திரை வெயிலில் கெட்டிப்படுத்தும் மருந்து இரண்டு சொட்டு கூடிப்போய், அச்சே புகைந்து, விமானம் நடுவில் வெடித்தது. சொட்டைக் குறைத்தால் நான்கு நாளானாலும் பலாப்பிசின் மாதிரி கையோடு வந்தது. இறக்கை மெல்லியது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது மூன்று முறை ஒடிந்தது. மூன்றாவது முறை ஒடிந்த துண்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அப்புறம் அதையே தேடி எடுத்து ஒட்டினேன்.

"என்னா நாத்தங்க இது! பக்கத்து வூட்டு சவரியம்மா, ஸ்டவ்வு ஏதும் வெடிச்சுடப் போவுதான்னு கேக்குது" என்றாள் மலிகா.

"சிங்கப்பூரு போனா செண்டு வாங்கித் தரேன். இப்ப சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். எத்தனை நாளைக்குத் தற்காலிகம், எத்தனை நாளைக்கு வாடகை வீடு என்று அவளும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்றத்தோடு எட்டு மாதம் சோறாக்கினாள்.

கடைசியில் வந்தது தோணி. அந்த விமானத்துக்குச் சக்கரம் கிடையாது. வயிற்றுக்குக் கீழே இரண்டு கால்களில் இரண்டு தோணிகள், அவற்றின்மேல்தான் தண்ணீரில் மிதக்கும். மச்சான் போட்ட படத்தை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். நடுவிலிருந்து இடது தோணிக்கு ஓர் அளவு, வலது தோணிக்கு வேறு அளவு. வலது தோணி மூன்று நூல் அளவு வெளியே தள்ளி நின்றது. சுண்டுவிரல் கனம்கூட வராது, ஆனாலும் கோணல் கோணல்தானே. போட்டோவோ பக்கவாட்டில் எடுத்தது, ஒன்றும் தெரியவில்லை.

"பாத்தியா ஒங்க அண்ணன் லட்சணத்த? ரெண்டு காலையும் ஒரே மாதிரி வைக்கக்கூடத் தெரியல."

"ஒரு காயிதம் போட்டுக் கேட்டுருங்களேன்" என்றாள்.

"அவன்கிட்டயா? ஸ்கேலு புடிக்கத் தெரியாதவன்கிட்ட நான் என்னாத்த கேக்குறது?"

கேட்கவில்லை. இரண்டையும் சமமாக வைத்து ஒட்டினேன். நீலமும் வெள்ளியும் அடித்து முடித்தபோது, அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அப்படி ஒரு பொருளை நான் அதுவரை செய்ததில்லை. எங்கள் தெரு ரஹ்மத்துல்லா நாகப்பட்டினத்தில் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறப் போனார். பஞ்சு வைத்துப் பெட்டியில் அடைத்து அவரிடம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். மச்சானின் படத்தில் வலது தோணி அளவைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் என் அளவை எழுதி, சுற்றி ஒரு வட்டமும் போட்டு, அதையும் பெட்டிக்குள் வைத்தேன். யார் கெட்டிக்காரன் என்று துரைக்குத் தெரியட்டுமே.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. வழக்கமாக வீட்டுக்கு எழுதுகிறவன் கல்லூரி விலாசத்துக்கு எழுதியிருந்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பர்மிட் காகிதம் உள்ளே இருக்கும் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலப் பாசஞ்சரில் உட்கார இடம் பிடித்த பிறகு பிரித்தேன்.

'மச்சானுக்கு ஸலாம். ப்ளேனைத் துரை கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். வேலை ஏ ஒன் என்றார். அப்புறம் கீழே திருப்பினார். அந்த எஞ்சின் சுற்றுகிற வேகத்தில் ப்ளேனே இடது பக்கம் சாயுமாம். அதனால் பெட்ரோல் பூராவும் வலது தோணியில்தானாம், அதைத் தள்ளி வைத்ததும் அதற்குத்தானாம். இந்த அளவை யார் மாற்றியது என்று கேட்டார். நான்தான் தப்பாக எழுதி அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். ஆனால் பெட்டியில் அந்தப் படம் இருந்தது. அந்த அளவு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதியது. சிவப்பு வட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். புரியாவிட்டால் கேட்கிற ஆள்தான் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன் மச்சான். மலிகாவிடம் துரை வேறு ஆள் எடுத்துவிட்டார் என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குத்தான் காலேஜுக்கு எழுதுகிறேன்.'

புதுச்சத்திரம் தாண்டும்வரை அந்தக் காகிதத்தை மடிக்கக்கூட இல்லை. முதலில் துரைமேல் கோபம் வந்தது. பிறகு பர்மிட் போன வயிற்றெரிச்சல். இரண்டும் தீர்ந்த பிறகு மிஞ்சியது வெட்கம். அவனை மட்டம் தட்டத்தான் அந்த வட்டத்தைப் போட்டேன். அவனோ என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்திருக்கிறான்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே மலிகா என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணன்கிட்டேருந்து சேதி வந்துதா?"

"துரை வேற ஆள எடுத்துட்டாராம்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் எங்க அண்ணனாலதான். கொஞ்சம் பாத்து வரைஞ்சிருக்கக் கூடாதா? நீங்க எம்மாம் பாடுபட்டீங்க" என்றாள்.

தப்பித்துக்கொள்ள வழி அவளே திறந்துவிட்டாள். பேசாமல் கைகால் கழுவப் போயிருந்தால் முடிந்தது. மச்சானும் வாய் திறக்கமாட்டான்.

"ஒங்க அண்ணன் சரியாத்தான் வரைஞ்சிருக்கான், மலிகா" என்றேன். கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் படித்து முடிக்கும்வரை நின்றேன்.