நூற்று நாற்பது வாத்தியங்களும் ஒரு பாட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை. திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், மாடி அறை ஜன்னலைச் சாத்திவிட்டு நந்தகுமார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு நீலக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. முந்தின நாள் வாங்கிய சிந்தசைசர் இறங்கி முடிய இன்னும் அரைமணி நேரம் ஆகும் என்று காட்டியது.

கையில் தூக்கி மேசைமேல் வைக்கிற பொருள் இல்லை அது. கம்ப்யூட்டருக்குள்ளேயே குடியிருக்கும் மென்பொருள். ஒரு கட்டையைத் தட்டினால் புல்லாங்குழல் ஊதும். அமைப்பை மாற்றித் தட்டினால் கடல் இரைகிற மாதிரி ஓசை எழும்பும். அப்படி அறுபதுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தான் நந்தகுமார். பொறியியல் கல்லூரி ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுப்பது அவன் பிழைப்பு, இசையமைப்பது அவன் ஆசை. வெறும் ஆசை என்றும் சொல்லிவிட முடியாது. கல்லூரி விழாவுக்கு அவன் போட்டுக்கொடுத்த இரண்டு பாட்டுகளைப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்கள். அந்த நாளில் அவனிடம் இருந்தது ஒரே ஒரு சிந்தசைசர். அதுவும் இலவசமாக வந்தது.

"மாப்ள, இருக்கறயா?" என்று படியிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வந்தான் மாதேஸ்வரன்.

இருவரும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. நந்தகுமார் மேலே படிக்கப் போனபோது மாதேஸ்வரன் ரிக் வண்டி ஏறிவிட்டான். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த லாரியில் வருஷத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கர், ஒடிசா என்று சுற்றுவான். மழைக்காலத்தில் வண்டி பழுது பார்க்க ஊர் திரும்பும்போது அவனும் வருவான். அவனுக்கு நல்ல குரல். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. துளைக்குள் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓடுகிற இரைச்சலை மீறிப் பாடிப் பாடியே திறந்துகொண்ட குரல்.

மகள் பிறந்த செய்தி வந்தபோது அவன் சத்தீஸ்கரில் எங்கோ ஒரு காட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தான். போனில்தான் குழந்தையின் முகத்தைப் பார்த்தான். அன்றைக்கு அவன் வாயில் தானாக வந்தது ஒரு பாட்டு.

*ஆயிரம் அடி போனாலும் அடியில ஈரம் இருக்குது கண்ணே,*
*ஆறு மாசம் போனாலும் அப்பனுக்கு ஊடு இருக்குது கண்ணே.*

ஊர் வந்ததும் அதை நந்தகுமாரிடம் பாடிக் காட்டினான். நந்தகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே மைக்கை வைத்துக் குரலைப் பதிவு செய்துகொண்டான். கூடவே ஏதோ ஒரு மெட்டைக் கட்டையில் வாசித்தும் காட்டினான். அது நடந்து மூன்று வாரமாகியிருந்தது.

"என்றா ஆச்சு பாட்டு?" என்றான் மாதேஸ்வரன்.

"குரல் அருமையா உழுந்துருக்குதுடா. பின்னால வர்ற வாத்தியந்தான் இன்னும் அமையல. இந்தப் புதுசு ஒண்ணு இறங்குது பாரு, இதுல பாத்தா சரியா வந்துரும்."

"அன்னைக்கு நீ வாசிச்சுக் காமிச்சயே, அதே நல்லாத்தான இருந்துச்சு?"

"அது சாதாரணச் சத்தம்டா. உன்ற பாட்டுக்கு அது பத்தாது."

மாதேஸ்வரனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "சரி, வண்டி கிளம்பறதுக்குள்ள குடுத்துரு. பாப்பாளுக்குப் போட்டுக் காட்டோணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வண்டி கிளம்பிவிட்டது. பாட்டு முடியவில்லை.

நந்தகுமார் சோம்பேறி இல்லை. கல்லூரி விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால்தான் கிடப்பான். ஆனால் செய்த வேலை என்ன? ஒவ்வொரு சிந்தசைசருக்குள்ளும் ஆயிரக்கணக்கில் ஓசைகள். ஒன்றைத் தட்டிக் கேட்பான், நன்றாக இருக்கும். அடுத்தது இன்னும் நன்றாக இருக்குமோ என்று தோன்றும். அதையும் தட்டுவான். ஐம்பதாவது ஓசைக்கு வரும்போது முதல் ஓசை எப்படி இருந்தது என்பதே மறந்துபோயிருக்கும். இதற்கிடையில் தள்ளுபடி விற்பனை என்று மெயில் வரும். இன்று ஒருநாள் மட்டும் என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும். வாங்குவான். வாங்கின கையோடு பாட்டில் பாதி முடிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் அவனைக் கெடுத்தது. புதிதாக வந்ததை எப்படி இயக்குவது என்று வீடியோ பார்ப்பதிலேயே ஒரு வாரம் ஓடிவிடும். பாட்டு வந்த இடத்திலேயே நிற்கும்.

அடுத்த வருஷம் மாதேஸ்வரன் வந்தபோது தொண்ணூறு சேர்ந்திருந்தது. அதற்கடுத்த வருஷம் நூற்றுப் பத்து. வரும்போதெல்லாம் அவன் ஒரு புதுப் பாட்டோடு வருவான். நந்தகுமார் குரலைப் பதிவு செய்துகொண்டு, "நாலு பாட்டுச் சேரட்டும்டா, மொத்தமா வெளியிட்டுரலாம்" என்பான். நாலும் சேர்ந்தன. ஒன்றுகூட முடியவில்லை.

மூன்றாவது வருஷமோ நான்காவது வருஷமோ, மாதேஸ்வரன் ஸ்பீக்கரை ஒட்டி உட்கார ஆரம்பித்தான். "கொஞ்சம் சத்தம் கூட்டுடா" என்பான். பேச்சும் உரத்துவிட்டது. "மெதுவாப் பேசுடா, தெருவே கேக்குது" என்று நந்தகுமார் சிரித்தான்.

"நாள் பூரா கம்ப்ரசர் பக்கத்துல நிக்கறனா, வண்டிய உட்டு எறங்குனாலும் காதுக்குள்ள ஙொய்யுன்னு ஓடிக்கிட்டே இருக்குது மாப்ள."

"பஞ்சு வெச்சுக்கடா" என்றான் நந்தகுமார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அன்றைக்கு ஒரு புது சிந்தசைசரில் மழைத்துளி மாதிரி ஓசை ஒன்று அகப்பட்டிருந்தது. நூலிழை மாதிரி இருக்கும் அந்த ஓசையைக் கண்டுபிடித்த காது, பக்கத்தில் இருந்த நண்பன் சொன்னதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாவது வருஷம் பங்குனி மாதத்தில், மாதேஸ்வரனின் மனைவி கலைமணி போன் செய்தாள்.

"அண்ணா, இவரக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. வேலை செய்யறப்போ காத்து ஹோஸு வெடிச்சுருச்சுங்களாம். ஒடம்புக்கு ஒண்ணும் ஆகலீங்க. ஆனா நாங் கூப்புட்டாத் திரும்பிப் பாக்க மாட்டீங்கறாருங்க."

மறுநாளே நந்தகுமார் இருவரையும் சேலத்துக்குக் கூட்டிப் போனான். அஸ்தம்பட்டியில் காது வைத்தியர் ஒருவரிடம் காட்டினார்கள். கண்ணாடி அறைக்குள் மாதேஸ்வரனை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நந்தகுமார் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே இருந்தவன் கையைத் தூக்கவே இல்லை. எப்போதாவது ஒருமுறை பாதி தூக்கி, சந்தேகத்தோடு இறக்கிக்கொண்டான்.

பரிசோதனைத் தாளை வைத்தியர் மேசைமேல் விரித்தார். "இது ஒரே நாள்ல போனது இல்லீங்க. பல வருஷமா அந்த இரைச்சல்ல கொஞ்சம் கொஞ்சமா நரம்பு செத்துருக்கு. காதுக்கு மூடி போட்டு வேலை செஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம். ஹோஸ் வெடிச்சது கடைசி அடி. மெஷின் வெச்சா பேச்சு ஓரளவுக்குப் புரியும்."

"பாட்டு கேக்க முடியுங்களா?" என்றான் நந்தகுமார்.

நோயாளியின் வேலையைப் பற்றியோ செலவைப் பற்றியோ கேட்பார்கள் என்று எதிர்பார்த்த வைத்தியர், அவனை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். "பாட்டு இனிமே கஷ்டங்க" என்றார்.

தாளில், காது கேட்கும் அளவைக் காட்டும் கோடு கீழே இறங்கிக்கொண்டே போனது. அதைப் படிக்க நந்தகுமாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் திரையில் பார்த்துப் பழகிய கணக்குதான். எந்த மெல்லிய ஓசைகளைத் தேடி ஐந்து வருஷம் அலைந்தானோ, அவை எதுவும் மாதேஸ்வரனின் காதுக்கு இனி எட்டப் போவதில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மாதேஸ்வரன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். சங்ககிரி தாண்டியதும் சட்டென்று திரும்பி, "மாப்ள, பாட்டு முடிஞ்சுதாடா?" என்று கேட்டான். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தலாக வந்தது அது. அவனுக்கு அது தெரியவில்லை. கலைமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நந்தகுமார் போனில் 'இந்த வாரம்' என்று தட்டிக் காட்டினான். மாதேஸ்வரன் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த நந்தகுமார் கம்ப்யூட்டரைத் திறந்தான். சிந்தசைசர்கள் நூற்று நாற்பது ஆகியிருந்தன. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நாற்பத்தேழு விதமான அரைகுறைப் பதிவுகள் கிடந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டான். எதிலும் குற்றம் சொல்ல முடியவில்லை. எதுவும் முழுதாகவும் இல்லை. கடைசியில், முதன்முதலில் இலவசமாக வந்த அந்தப் பழைய சிந்தசைசரை எடுத்துக்கொண்டான். வேறு எதையும் தொடுவதில்லை என்று வைராக்கியமாக உட்கார்ந்தான். நாலே சாயங்காலத்தில் பாட்டு முடிந்துவிட்டது. முடித்துக் கேட்டபோதுதான் தெரிந்தது. மாதேஸ்வரன் முதல்நாள் பாடியபோது நந்தகுமார் கூடவே வாசித்துக் காட்டிய அதே மெட்டு, ஏறக்குறைய அதே ஓசை. அவன் நல்லாயிருக்கிறது என்று சொன்ன அதுவேதான். 

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு மாதேஸ்வரன் வீட்டுக்குப் போனான். காதில் புது மெஷினோடு மாதேஸ்வரன் சட்டை மாற்றிக்கொண்டு, விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த மகள் அவன் மடியில் சாய்ந்திருந்தாள். பாட்டு ஓடியது. குழந்தை வாய் திறந்தபடி கேட்டாள். கலைமணி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்ப்ரசரை மீறிப் பாடிய அந்தப் பழைய குரல் வீடு முழுக்க நிறைந்தது. மாதேஸ்வரன் தாளம் போடுகிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு, நந்தகுமாரின் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்தது. மாதேஸ்வரன் தலையை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"அப்பா, முடிஞ்சு போச்சு" என்று குழந்தை அவன் கன்னத்தைத் தொட்டாள்.

அவன் ஆடிய தலை அப்படியே நின்றது. சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தான். மெல்ல மெஷினைக் கழற்றி மடியில் வைத்தான்.

"உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்டா மாப்ள. தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுனாப்புல இருக்குது. என்ற குரல்னே தெரியல. ஆனா பாப்பா மூஞ்சியப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கோணும்."

நந்தகுமார் தரையில் உட்கார்ந்துவிட்டான். "இன்னும் நல்லா வரட்டும், இன்னும் நல்லா வரட்டும்னே அஞ்சு வருசத்த ஓட்டிட்டேன்" என்றான்.

கலைமணி கோபப்படவில்லை. தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"அண்ணா, நாஞ் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இவரு காது போனது உங்களால இல்லீங்க. ஆனா அஞ்சு வருசம் இவருக்குக் காது கேட்டுச்சு. நீங்க முடிச்சுக் குடுத்திருந்தா, அதுல ஒருநாளு இந்தப் பாட்டக் கேட்டிருப்பாரு. உங்ககிட்ட நூத்தி நாப்பது வாத்தியம் இருந்துச்சுங்க. இவருகிட்ட இருந்தது ரெண்டே காதுதானுங்களே. சாமான் சேத்தறத வேலை செய்யறதுன்னு நெனச்சுக்கிட்டீங்க." செம்பை அவன் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள். "இன்னும் மூணு பாட்டு உங்ககிட்டக் கெடக்குது. என்ற புள்ளைக்குக் காது நல்லாக் கேக்குதுங்கண்ணா."

நந்தகுமார் வீடு திரும்பியதும் அந்தப் பழைய சிந்தசைசர் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கினான். மிச்சமிருந்த மூன்று பாட்டுகளும் ஆடி பிறப்பதற்குள் முடிந்துவிட்டன. மாதேஸ்வரன் ரிக் வேலையை விட்டுவிட்டு, உதிரிபாகங்கள் விற்கும் கடை ஒன்றில் சேர்ந்தான். பாப்பா நாலு பாட்டையும் மனப்பாடமாகப் பாடுகிறாள். அவள் பாடும்போது அவன் எதிரே உட்கார்ந்து அவள் வாயசைவையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் மாடி அறைக்கு வந்தவன், காலியாகக் கிடந்த திரையைப் பார்த்துவிட்டு, "அத்தனையும் எங்கடா போச்சு?" என்று கேட்டான்.

வாயால் சொன்னால் அவனுக்கு முழுசாகப் புரியாது. நந்தகுமார் ஒரு தாளை எடுத்துப் பெரிய பெரிய எழுத்தாக எழுதி நீட்டினான்.

'அத்தனையும் வேண்டாம். கையில் இருக்கிற ஒன்றை வைத்து, கேட்கிறவர்கள் இருக்கும்போதே பாட்டை முடித்துக் கொடுத்துவிட வேண்டும்.'

மாதேஸ்வரன் நிதானமாக இரண்டு தடவை படித்தான். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"இதக் கொஞ்சம் முன்னாலயே எழுதியிருக்கலாமேடா மாப்ள" என்றான்.