அன்பு மைத்துனரும் ஆவார்

"மைத்துனர்மாரின்ர பேரைச் சொல்லுங்கோ அன்ரி," என்றான் தொலைபேசியின் மறுமுனையில் மரண அறிவித்தல் எழுதுகிறவன்.

யூஜினி சாப்பாட்டு மேசையில் நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டு இருந்தாள். அவளுடைய கணவர் றொய்சன் விடிய ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியிருந்தார். இப்போது பத்தரை. அரை மணித்தியாலமாக அவள் பேர் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆர் உயிரோடு, ஆர் காலஞ்சென்றவர் என்று பிசகாமல் சொல்லவேண்டும். பாரிஸில் நல்ல சுகத்தோடு இருக்கிற பெரியம்மாவின் பேருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டுவிட்டால், பிறகு ஏழு சென்மத்துக்கும் கதை. மூன்று கிழமை நித்திரையில்லாத மண்டைக்கு இதெல்லாம் பெரிய வேலை.

"அன்ரி, இருக்கிறீங்களோ? மைத்துனர்மார்?"

"யூட்சன்," என்றாள்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவளுக்கு ஒரேயொரு தம்பி. மைத்துனர் என்றால் வேறு யார் பேரைச் சொல்வது? "கிளடிஸ்" என்று தம்பி பெண்சாதியின் பேரையும் சேர்த்துச் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான்.

முக்கால் மணித்தியாலம் கழித்து மகள் நதீஷா மாடிப்படியில் நின்று கூப்பிட்டாள். கையில் ஃபோன்.

"அம்மா, மாமான்ர பேரையும் குடுத்தனீங்களா?"

அப்போதுதான் யூஜினிக்கு உறைத்தது. கடவுளே, என்ன வேலை செய்துவிட்டேன்!

அறிவித்தல் ஏற்கெனவே கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. ஊர்காவற்றுறையைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோ மல்வேர்னை வதிவிடமாகவும் கொண்டவர், இறைபதம் எய்தினார், இன்னார் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர். கடைசி வரியில், யூட்சன், கிளடிஸ் ஆகியோரின் அன்பு மைத்துனரும் ஆவார். மேலே றொய்சனின் படம். பாஸ்போட்டுக்கு எடுத்தது. சிரிக்கக்கூடாது என்று சொல்லி எடுத்த படத்தைத்தான் கடைசியில் போடவேண்டி வந்தது.

பதினொன்றரைக்குக் கிளடிஸ் ஃபோன் எடுத்தாள். அழுதிருப்பாள் போல, மூக்கடைத்த குரல்.

"மச்சாள், செத்தவீட்டு நேரத்தில இதைக் கதைக்கக்கூடாது. ஆனா எங்கட பேரை எடுத்துவிடுங்கோ."

"யூட்சன் சொன்னவனோ?"

"அவர் ஒண்டும் சொல்லேல்லை. பாத்தார், ஃபோனை வைச்சிட்டுக் கராஜுக்குள்ள போயிட்டார். நான்தான் கேக்கிறன். அறிவித்தல் வந்ததில இருந்து சனம் எடுத்து எடுத்துக் கேக்குது, சமாதானம் ஆயிட்டியளோ, எல்லாத்தையும் மறந்திட்டியளோ எண்டு. பன்ரெண்டு வருசம், மச்சாள். என்ர பிள்ளையள் தேப்பன் இல்லாமல் வளந்ததுகள்."

"எடுக்கச் சொல்லுறன்," என்றாள் யூஜினி. வேறு என்ன சொல்ல?

அறிவித்தல்காரன் பாவம், நல்ல மாதிரித்தான் சொன்னான். "எடுக்கலாம் அன்ரி. ஆனா நாலாயிரம் பேர் பாத்திட்டினம். இப்ப எடுத்தா எடுத்ததையும் பாப்பினம்." எடுத்தால் ஒரு கதை, விட்டால் ஒரு கதை. அவள் களைத்துப்போனாள். "விடுங்கோ," என்று சொல்லி ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

கதை ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். பதினேழு வருசத்துக்கு முன், றொய்சனும் யூட்சனும் அமெரிக்காவுக்குப் போய், ஊரில் சண்டை பிடிக்கிற இயக்கத்துக்கு அனுப்ப றேடியோ செட்டுகளும் இருட்டில் பார்க்கிற கண்ணாடிகளும் வாங்க ஒருவனோடு பேரம் பேசினார்கள். விற்க வந்தவன் பொலிஸ். இரண்டு பேரையும் ஒரே நாளில் பிடித்தார்கள், ஒரே குற்றம், சதி. இரண்டு பேரையும் தனித்தனி அறையில் இருத்தி, முதலில் வாயைத் திறக்கிறவனுக்குத்தான் டீல் என்றார்கள். றொய்சன் திறந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அரச தரப்புச் சாட்சியானார். இரண்டு நாள் கூண்டில் நின்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஆள் இங்கே இருக்கிறாரா, காட்டு என்றபோது, "நீலச் சேர்ட் போட்டவர், என்ர மனைவியின்ர தம்பி," என்று கையை நீட்டிக் காட்டினார். அவருக்கு மூன்று வருசம். யூட்சனுக்குப் பன்னிரண்டு.

வெளியே வந்தவருக்கு ஒரு பட்டப்பேர் காத்திருந்தது. சாட்சி. சாட்சி றொய்சன், சாட்சியின்ர பெண்சாதி, சாட்சியின்ர பெட்டை. கோயில் வாசலில் ஒருவன் அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் காறித் துப்பினான். அதற்குப் பிறகு றொய்சன் வெள்ளைக்காரப் பூசைக்குப் போனார், சீனன் கடையில் மீன் வாங்கினார், தமிழர் இல்லாத ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்தார்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. யூஜினி அப்போது பொருட்களைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிற ஒரு கந்தோரில் வேலை. அதற்கு முன்னம் இரண்டு தடவை இயக்கத்துக்குப் பெட்டிகள் போனது அவள் கையெழுத்தில். உள்ளே என்ன என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கடதாசிகளை மேசையில் போட்டு, உன் மனிசியையும் பிடிப்போம், நாலு வயதுப் பிள்ளையை ஆர் பார்ப்பது என்று கேட்டபோதுதான் றொய்சன் வாயைத் திறந்தார். மனைவி மீது வழக்கில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரச்சொல்லிக் கேட்டு, எழுதியதை வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லாத. சொன்னா நான் செய்தது எல்லாம் வீண்," என்றார், சிறைச்சாலையில் முதல் தடவை கண்டபோது. அவள் சொல்லவில்லை. வழக்கு முடியட்டும் என்று இருந்தாள். பிறகு பிள்ளை வளரட்டும் என்று இருந்தாள். பிறகு யூட்சன் வெளியே வரட்டும் என்று இருந்தாள். அவன் வந்து ஐந்து வருசம். சொல்லு என்று றொய்சன் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும் என்று இப்போது கோபம் கோபமாக வந்தது. செத்துப்போன மனிசனோடு கோபித்து என்ன பலன்?

சனிக்கிழமை காலை பார்வைக்கு வைத்தார்கள். ஸ்காபரோவில் ஒரு சின்ன மண்டபம். இருநூறு கதிரை போட்டிருந்தது. வந்தது முப்பத்திச் சொச்சம், அதிலும் பாதி தொழிற்சாலைக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரரும் ஜமேக்காக்காரரும். அவர்கள் வாய்விட்டு அழுதார்கள். சொந்தக்காரர்கள் பின்வரிசையில் இருந்து ஃபோனைப் பார்த்தார்கள்.

மூலையில் முக்காலியில் கமராவை ஏற்றி வைத்துக்கொண்டு வீடியோக்கார ஜனார்த்தன் நின்றார். பாரிஸில் இருக்கிற றொய்சனின் தங்கச்சி நேரலை கட்டாயம் வேணும் என்று நின்றுவிட்டாள். இப்போது அவளே நதீஷாவுக்கு எடுத்து, செபம் தொடங்கியிட்டுது எண்டுறியள், இஞ்ச இன்னும் காணேல்லை என்று சத்தம் போட்டாள்.

"இருபது செக்கன் பிந்தித்தான் போகும் பிள்ளை, மாமியைப் பொறுக்கச் சொல்லுங்கோ," என்றார் ஜனார்த்தன். அவருடைய கணினியில் எண்ணிக்கை ஓடியது. அறுநூற்றிப் பத்துப் பேர் பார்க்கிறார்கள். வாசலுக்கு வர மனமில்லாத சனம் வீட்டிலிருந்து நல்லாய்த்தான் பார்க்கிறது என்று யூஜினி நினைத்தாள்.

நதீஷா வந்து காதுக்குள் சொன்னாள். "அம்மா, மாமா பார்க்கிங் லொட்டில. வானுக்குள்ளயே இருக்கிறார். ஒரு மணித்தியாலமா."

யூஜினி கோட் போடாமலே வெளியே போனாள். மார்ச் மாதத்துக் குளிர் சேலைக்குள்ளால் ஏறியது. யூட்சன் ஒரு பழைய வான் வண்டிக்குள், என்ஜினை நிறுத்தாமல் இருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஃபோன். அதில் றொய்சனின் பெட்டியும் பூவும் தெரிந்தன.

அவன் கண்ணாடியை இறக்கினான்.

"உள்ளுக்கு வா தம்பி."

"இல்லையக்கா. பேர் போட்டிருக்கிறீங்கள், வராமல் விடேலாது. வந்தா, உள்ளுக்கு வர ஏலாமல் கிடக்கு."

அவள் வானின் கதவைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல்லாவிட்டால் இனி இல்லை.

"உனக்கு ஒண்டு சொல்லவேணும். அத்தான் சாட்சி சொன்னது..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அந்தக் கடதாசி எனக்கும் தந்தவங்கள் அக்கா. சாட்சியோட என்ன ஒப்பந்தம் எண்டு மற்றப் பக்கத்துக்குக் காட்டத்தான் வேணுமாம். ஆறாம் பக்கத்தில உங்கட பேர் கிடந்தது." அவன் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னான். "என்ர லோயர் துள்ளிக் குதிச்சான். மனிசியைக் காப்பாத்தத்தான் சொல்லுறான் எண்டு ஜூரிக்கு முன்னால உடைச்சுப்போடுவன் எண்டான். நான் வேண்டாம் எண்டிட்டன். கேட்டா உங்கட பேர் கோட்டுக்கு வரும்."

பதினேழு வருசம் அவள் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த ஒன்று அவனிடம் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது.

"அப்ப ஏன்ரா அவரோட கதைக்காமல் விட்டனி? அஞ்சு வருசம்! மல்வேர்னுக்கும் உன்ர வீட்டுக்கும் ஒரு பஸ்."

"அத்தானோட எனக்கென்ன கோவம்?" என்றான் யூட்சன். அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தான். "நீங்கள் ஒம்பது தரம் மறியலுக்கு வந்தனீங்கள், என்னைப் பாக்க. மிசினில சிப்ஸ் வாங்கித் தந்தனீங்கள். ரோட்டில பனி கொட்டுது, கிளடிஸுக்கு முதுகு நோ எண்டெல்லாம் சொன்னனீங்கள். ஒவ்வொருக்காவும் இண்டைக்குச் சொல்லுவா, இண்டைக்குச் சொல்லுவா எண்டு இருந்தன்."

"பயம் தம்பி. பிள்ளை..."

"முதல் கொஞ்சக் காலம் பயம். சரி. பிறகு?"

இறக்கின கண்ணாடிக்குள்ளால் ஃபோனில் செபமாலைச் சத்தம் கேட்டது.

"அந்த மனிசன்ர காலடியில சனம் துப்பினது," என்றான். "நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள். எனக்கு ஆக்கள் சொன்னவை. அவர் குனிஞ்சுகொண்டு போனாராம், நீங்களும் பேசாமல் போனனீங்களாம். நான் மறியலில இருந்தது எனக்குப் பெரிசில்லை அக்கா. செய்தனான், இருந்தனான். அவர் ஏன் இருக்கவேணும், வெளியில வந்தும்?"

அவன் கண்ணாடியை ஏற்றவில்லை. அவளும் நகரவில்லை. குளிரில் விரல் விறைத்துப் போனது. கடைசியில் அவனே, "போங்கோ, ஃபாதர் முடிக்கப்போறார்," என்றான்.

உள்ளே ஃபாதர் செபத்தை முடித்துவிட்டு, அன்னாரைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை பேச விரும்பினால் பேசலாம் என்று சொல்லி ஒதுங்கினார். மற்றச் செத்தவீடுகளில் ஒலிவாங்கிக்கு அடிபிடி. சங்கத் தலைவர், பழைய மாணவர், கவிதை வாசிக்கிறவர் என்று வரிசையில் நிற்பார்கள். இங்கே சொந்தத்தில் ஒருத்தரும் எழும்பவில்லை. ஒரு ஜமேக்காக்காரர் எழும்பி, றொய்சன் தன்னுடைய சாப்பாட்டில் பாதியைத் தருகிறவர் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இருந்தார். பிறகு பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

யூஜினி எழும்பி ஒலிவாங்கிக்குப் போனாள். கையைச் சேலைத்தலைப்பில் துடைத்தாள்.

"நான் றொய்சன்ர மனிசி," என்றாள். "இவருக்கு ஒரு பட்டப்பேர் வைச்சிருக்கிறியள். அதைப்பற்றி ஒண்டு சொல்லவேணும்."

முன்வரிசையில் நதீஷா நிமிர்ந்தாள். ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். ஜனார்த்தன் கமராவை விட்டு இரண்டடி முன்னால் வந்து மெல்லிய குரலில், "அன்ரி, இது லைவ். நிப்பாட்டவோ?" என்றார்.

"வேண்டாம். ஓடட்டும்."

ஒருதடவை றொய்சனின் முகத்தைப் பார்த்தாள். பூசியிருந்த பவுடர் கொஞ்சம் கூடிப்போய் ஆள் வேறு யாரோ போலத் தெரிந்தார். அவரைப் பார்த்துக்கொண்டு பேச முடியவில்லை. கமராவைப் பார்த்தாள்.

"இவையளைப் பிடிக்க முன்னம் ரெண்டு தரம் இயக்கத்துக்குப் பெட்டி அனுப்பினது நான். கடதாசியில இருந்தது என்ர கையெழுத்து. என்னைப் பிடிக்கப்போறம் எண்டு சொன்னபடியால்தான் இவர் சாட்சி சொன்னவர். என்னை விடச்சொல்லித்தான் கையெழுத்து வைச்சவர். என்ர தம்பி பன்ரெண்டு வருசம் இருந்தான். இவர் பதினேழு வருசம் உங்களிட்டப் பேச்சு வாங்கினார். நான் வாயே திறக்கேல்லை. பெட்டிக்குள்ள என்ன இருந்தது எண்டு தெரியாமல் கையெழுத்துப் போட்டனான் எண்டு நினைக்காதேங்கோ. தெரிஞ்சுதான் போட்டனான்."

அவ்வளவுதான் இருந்தது. பதினேழு வருசமாக எவ்வளவோ இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.

நதீஷா தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று யூஜினிக்கு விளங்கவில்லை, விளங்கிக்கொள்ளத் தைரியமும் இல்லை. ஒலிவாங்கியைத் தாங்கியில் திருப்பி மாட்டப்போனாள், அது கொழுவுப்படவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது மண்டபத்தின் சாத்தியிருந்த கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளுடைய குரலே கேட்டது. ஃபோனுக்குள்ளிருந்து, கரகரத்து, இருபது செக்கன் பிந்தி.

"தெரிஞ்சுதான் போட்டனான்."

நதீஷா எழும்பினாள். தாயைக் கடந்து போய், கதவைத் திறந்து பிடித்தாள்.