தூரத்துக்குப் பேசிய பேரம்

சென்னை விமான நிலையத்திலிருந்து சிகாகோ விமான நிலையம் ஆரணிக்காரர்களுக்கு மட்டும் பத்தொன்பதாயிரத்து நானூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. மற்ற ஊர்க்காரர்களுக்குப் பதிமூவாயிரத்துச் சொச்சம்தான். காரணம், பட்டு வியாபாரி ஜெகநாதன். சேலை விலையை ஏற்றிச் சொல்லிவிட்டு, கேட்பவர் குறைப்பதற்காகக் காத்திருப்பது அவர் தொழில் பழக்கம். மகன் சதீஷ் சிகாகோவில் வேலைக்குச் சேர்ந்ததும், தூரம் கேட்டவர்களிடம் அதே வாயால் பதினாலாயிரம் என்றார். யாரும் குறைத்துக் கேட்கவில்லை. கேட்டவர்கள் பெரும்பாலும் அவரிடம் பாவு நூலும் கூலியும் வாங்கும் நெசவாளிகள். முதலாளி சொன்ன தூரத்தில் கை வைக்க யாருக்குத் துணிவு வரும்? குறைக்கப்படாத விலை நிலைத்துவிடும் என்பது கடைத்தெரு விதி. தூரமும் நிலைத்தது. அவர் வருஷா வருஷம் ஏற்றினார். அர்ச்சனைத் தட்டை நீட்டும்போதுகூட சுவாமிக்குக் கிலோமீட்டரைச் சொன்னார்.

முதல் முறை இருபத்திரண்டு மணி நேரத்தில் வந்த சதீஷுக்கு, மூன்றாம் முறை முப்பத்தொரு மணி நேரம் ஆயிற்று. உடன் வந்தவர்கள் நேரத்துக்கு இறங்கி வீடு போனார்கள். அவன் மட்டும் மேலேயே இருந்து ஐந்தாவது முறையாக உப்புமா சாப்பிட்டான். ஜெகநாதன் இதையும் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

பிறகு மகள் தீபாவின் கல்யாணம் வந்தது. மணப்பெண் கையில் பொரி இட அண்ணன் வேண்டும். முந்தின நாள் மதியம், மண்டபத்தில் பந்தி நடக்கும்போது சதீஷ் வானத்திலிருந்து போன் செய்தான். முகூர்த்தம் முடிந்து ஐந்து மணி நேரம் கழித்துத்தான் இறங்க முடியும் என்றான். அண்ணன் வராமல் மணையில் உட்கார மாட்டேன் என்று தீபா சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெகநாதன் தூணோரம் உட்கார்ந்துவிட்டார்.

பதினோரு வருஷமாக அவருக்கு நெய்யும் தனக்கோடி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தாள்.

"சிகாகோ எவ்ளோ தூரம், மொதலாளி?"

பழக்கதோஷத்தில் பத்தொன்பதாயிரத்து நானூறு என்றார்.

"அவ்ளோலாம் கட்டாதுங்க. ஏழு போட்டுக்கோங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். கண்ணில் நீர் நின்றபோதும், பதினெட்டுக்குக் கீழே வராது என்று அவர் வாய் தானாகச் சொன்னது. சாயப்பட்டறை ஜீவானந்தம் இலையை விட்டு எழாமலே எட்டு என்றார். படியாவிட்டால் லண்டனைப் பார்த்துக்கொள்கிறோம் என்று தறிக்காரப் புஷ்பலதா எழுந்திருக்கப் போனாள்.

"கடசியா ஒம்பது," என்றார் ஜெகநாதன். "அதுக்குக் கீழ எனக்கே கட்டாது."

"சரிங்க, தம்பி வந்துகினு இருக்குது, முடிச்சிக்கலாம்," என்று தனக்கோடி வாளியை எடுத்துக்கொண்டாள்.

சதீஷ் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கே மண்டபம் வந்து சேர்ந்தான். காலையில் தங்கையின் கை நிறையப் பொரி இட்டான்.

இப்போது ஆரணிக்குச் சிகாகோ ஒன்பதாயிரம்தான். டிக்கெட் விலை குறையவில்லை. இறைவன் எல்லாவற்றையும் ஒரே நாளில் குறைப்பதில்லை. பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்கும் பெற்றோர் தனக்கோடியைத் தேடி வருகிறார்கள். ஜெகநாதன் சொல்ல, அவள் குறைக்கிறாள். சிட்னியைப் பாதிக்குப் பாதி இறக்கிக் கொடுத்தாள். யாரிடமும் ஒரு காபிக்கு மேல் வாங்குவதில்லை. அவள் மகன் அஜித் செய்யாறு தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறான். அந்தத் தூரத்தை மட்டும் அவள் தொடவில்லை. ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளை, பஸ்ஸில் கொஞ்சம் தூங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.