டாக்கெட் என்று எழுதிய புட்டி

மோட்டல் வாசலில் 'நாய்கள் தங்கலாம்' என்ற பலகை, 'அறை காலி' என்ற பலகையைவிடப் பெரியது. ஒயினுக்குப் பேர்போன பாசோ ரோபிள்ஸ் ஊரில் மற்ற விடுதிக்காரர்கள் எல்லாம் திராட்சைத் தோட்டத்து அழகைக் காட்டிக் காசு பார்த்தார்கள். ஹன்சா படேலின் மோட்டலில் ஜன்னலைத் திறந்தால் டயர் கடைதான் தெரியும். வாடகை குறைவு, அது போதும் வெர்னன் டாக்கெட்டுக்கு. அவருடைய கிழட்டு வேட்டைநாய் கிரேவிக்கும் தோட்டத்து அழகில் அக்கறை இல்லை.

அவர் வந்தது மகள் கொரீனுக்காக. டாஃப்ட் ஊர் எண்ணெய்க் கிணறுகளில் பம்பு பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர் அவர். அங்கே டாக்கெட் என்ற பெயர் அவருடைய சட்டைப்பை மேல் தைத்திருந்ததோடு சரி. இப்போது அதே பெயர் ஓர் ஒயின் புட்டியின் மேல், கறுப்பு எழுத்தில்! இத்தனை வருஷமாக அடுத்தவர் ஒயின் பீப்பாயைக் கழுவிக்கொண்டிருந்த கொரீன், வேலை செய்யும் இடத்திலேயே ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, தானே திராட்சை வாங்கி, தன் கையால் செய்த முதல் ஒயின். அறைச் சாவி கைக்கு வருவதற்குள் வெர்னன் அந்தப் புட்டியை ஹன்சாவிடம் இரண்டு தடவை காட்டிவிட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். ஆனால் இந்தக் காக்கை குஞ்சைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிற ரகம்.

சான் பிரான்சிஸ்கோவில் பெரிய உணவகங்களுக்கு ஒயின் தேர்ந்தெடுக்கிற இங்க்ரிட் சேதர் மறுநாள் வருவதாக ஏற்பாடு. அந்த அம்மாள் சரி என்றால் அடுத்த அறுவடைக்கும் டாக்கெட் ஒயின் உண்டு. இல்லையென்றால் கொரீன் மறுபடியும் தண்ணீர்க் குழாயும் கையுமாக அடுத்தவர் பீப்பாய்க்கே போக வேண்டியதுதான்.

காலையில் போன் வந்தது.

"அப்பா, மோசம் போயிட்டேன். எங்க முதலாளி கூடத்தை ஏதோ கல்யாணத்துக்கு விட்டுட்டார். அந்தம்மாவுக்கு ஊத்திக் காட்ட இடமில்ல. உன் மோட்டல் பின்னாடி மேசை ஏதாவது கிடக்கா?"

"கிடக்கு. நாய்ப் பீயைப் போடுற தொட்டிக்குப் பக்கத்துல."

"அப்பா!"

"தொட்டியத் தள்ளி வச்சிடறேன்டி. நீ கிளம்பி வா."

ஹன்சா அலமாரியிலிருந்து புது வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்துவந்து மேசைமேல் விரித்தாள். "வெள்ளையில வச்சுப் பாத்தாத்தானாம் ஒயினோட நிறம் தெரியும். கறை பட்டா படட்டும் அண்ணே."

"பட்டா நல்லது. கண்ணாடி போட்டு எங்க வீட்டுல மாட்டிடறேன்."

மேசை ஆயிற்று. வெர்னனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகளுக்குப் பெரிய நாள், தாமும் லட்சணமாக நிற்க வேண்டாமா? கிரேவியைக் குளியல் தொட்டியில் போட்டு லாவண்டர் ஷாம்பூ தேய்த்தார். தாமும் சவரம் செய்து, கன்னத்தில் வாசனைத் தண்ணீரைத் தாராளமாக அறைந்துகொண்டார்.

கொரீன் வந்தாள். புட்டியைத் திறந்து முகர்ந்தவள், தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"என்னப்பா இது நாத்தம்?"

"நாத்தமா? நான் வாசனை. நாய் லாவண்டர்."

"அய்யோ, ஒயின்ல பாதி மூக்குலதாம்பா இருக்கு! நீங்க ரெண்டு பேரும் இங்க நின்னா அந்தம்மாவுக்கு லாவண்டர் மட்டுந்தான் தெரியும்."

வெர்னன் கோபித்துக்கொள்ளவில்லை. விஷவாயு கசியும் கிணற்றடியில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தே பிழைத்தவர். விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பார்த்தார். நாயை இழுத்துக்கொண்டு, காற்று போகிற பக்கமாக ஐஸ் மெஷின் ஓரத்தில் போய் நின்றார். அங்கிருந்து பேச்சு கேட்காது, ஆனால் மேசை நன்றாகத் தெரிந்தது.

இங்க்ரிட் வந்தார். உயரமான அம்மாள், சிரிப்பில்லாத முகம். கொரீன் ஊற்றினாள். அவர் கிளாஸைச் சுழற்றினார், முகர்ந்தார், ஒரு மடக்கு வாயில் விட்டுக் கொப்பளித்தார். பிறகு குனிந்து, காலடியில் இருந்த வாளியில் துப்பினார்.

வெர்னன் ஆயுள் முழுக்க பீர் மட்டுமே குடித்தவர். ஒருத்தி கண்ணெதிரே அவள் கொடுத்ததைத் துப்பினால் டாஃப்டில் அதற்கு ஒரே அர்த்தந்தான். ஐஸ் மெஷினும் காற்றும் மறந்துபோயின. நாயோடு நேராக மேசைக்கு நடந்தார்.

"ஏம்மா, பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுங்க. எங்க பேரு போட்ட ஒயின், என் பொண்ணு முகத்துக்கு நேரா துப்புறீங்களே, இது நல்லாவா இருக்கு?"

"அப்பா! வாளி வச்சதே அதுக்குத்தான்!"

"வாளி இருந்தா துப்பிடறதா?"

இங்க்ரிட் வாயைத் துடைத்துக்கொண்டார். "நல்லதுன்னாலும் துப்புவேன், கெட்டதுன்னாலும் துப்புவேன். காலைலேருந்து ஊர் ஊரா இதே வேலை. எல்லாத்தையும் முழுங்கினா நான் எப்படி வண்டி ஓட்டறது? உங்க பொண்ணு ஒயினைப் பத்தி நான் இன்னும் வாயே திறக்கலியே."

"திறந்துதானே துப்பினீங்க."

கொரீன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போதுதான் வெர்னனுக்கு உறைத்தது. தொழில் தெரியாமல், மகளின் பிழைப்பிலேயே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமோ? "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றவர், நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்துப் பின்னால் நகர்ந்தார்.

"இன்னும் தள்ளி" என்றார் இங்க்ரிட். "லாவண்டர் அடிக்குது."

காற்று வாசனையைக் கொண்டுபோகும்வரை அவர் காத்திருந்தார். பிறகு கிளாஸை எடுத்தார். இந்த முறை கொப்பளிப்பு நெடுநேரம் நடந்தது. கொரீன் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்னன் அந்த அம்மாளின் தொண்டையைப் பார்த்தார்.

தொண்டை அசைந்தது. வாளிப் பக்கம் குனியவே இல்லை. மிச்சத்தையும் குடித்துவிட்டு, வெறும் கிளாஸை விரிப்பின் மேல் வைத்தார். பக்கத்தில் வண்டிச் சாவியையும் வைத்தார்.

"கொரீன், இது எனக்கு வேணும். அடுத்த அறுவடையும் எனக்குத்தான், வேற யாருக்கும் சொல்லிடாத. இன்னொரு கிளாஸ் ஊத்து. இன்னிக்கு நான் வண்டி எடுக்கறதா இல்ல. இந்த மோட்டல்ல ரூம் இருக்கா?"

கொரீன் ஊற்றினாள். கிளாஸ் நிரம்பி வழிந்து விரிப்பில் சிவப்பாகக் கொட்டியது. வெர்னன் அதற்குள் வரவேற்பு மேசைக்கு ஓடியிருந்தார். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ, நாய்தான் பின்னால் இழுபட்டது.

"ஹன்சாம்மா, முழுங்கியாச்சு! முழுங்கியாச்சு!"

ஹன்சா பதறி எழுந்தாள். "ஐயய்யோ, எதை முழுங்கிச்சு? டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"நாய் இல்லம்மா! சான் பிரான்சிஸ்கோ அம்மா! எதுன்னாலும் துப்பறவங்க, எங்க டாக்கெட்டைத் துப்பல!" கண்ணில் நீர் முட்டியது, அதைத் துடைக்கக்கூட இல்லை. "ரூம் ஒண்ணு குடு. டயர் கடை அழகாத் தெரியற ரூமா பாத்துக் குடு. அந்த விரிப்பையும் துவைச்சிடாத, அது எனக்கு வேணும்."