வேலையில்லாத கால்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், என் செல்லங்களே. வெளியே லாரிச் சத்தத்தில் என் குரல் எடுபடாது. வானத்தில் தப்புச் செய்துவிட்டுத் தரையில் நிம்மதியில்லாமல் தவித்த ஒரு பெண்ணின் கதை சொல்கிறேன்.

கொச்சி மட்டாஞ்சேரிக் கற்பகத்தின் மகள் ஸாதனா விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தாள். ஒற்றை எஞ்சினை முடித்து இரட்டை எஞ்சின் விமானத்துக்கு வந்திருந்தாள். சொல்லிக்கொடுத்தவள் ஜிஷா; ஆலுவாவில் குடியேறிய தமிழ் வீட்டுப் பெண்.

இரட்டை எஞ்சினில் ஒரு பயிற்சி உண்டு. பறக்கும்போதே ஆசிரியை ஒரு எஞ்சினைத் தணித்துவிடுவாள். விமானம் அந்தப் பக்கமாக இழுக்கும். எதிர்ப்பக்கத்துக் காலால் மிதியை அழுத்தி நேராக்க வேண்டும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் ஓய்ந்தது. அந்த எஞ்சினின் விசைப் பிடியைத் தொட்டுக் காட்டி, ஆசிரியை ‘சரி’ என்ற பிறகே அதைப் பின்னால் இழுத்து அடக்கலாம்.

அன்று ஓய்ந்தது இடது. ஸாதனா வலது காலை அழுத்தி மிதித்தாள். அந்த அழுத்தத்திலேயே மனம் சிக்கிக்கொண்டது. ‘சரி’க்குக் காத்திராமல் வலது பிடியை இழுத்துவிட்டாள். வேறு விமானம் வருகிறதா என்று ஜிஷா அப்போது வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் ஓய்ந்து விமானம் சரிந்தது. ஜிஷா பாய்ந்து எல்லாப் பிடிகளையும் முன்னே தள்ளினாள். தென்னை மட்டைகள் தனித்தனியாகத் தெரிந்த பிறகுதான் அது மேலேறியது.

இறங்கியதும் ஜிஷா வெளிறிப்போய், “ஒண்ணை இழுக்கப்போய் ரெண்டையும் இழுத்துட்டேன் போல. என் கைதான்,” என்றாள். ஸாதனா வாய் திறக்கவில்லை. பள்ளி ஜிஷாவைப் பறக்க வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பியது.

விடுப்பில் வந்த ஸாதனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

“பைலட்டம்மா, நம்ம பஜார் மேல போறப்போ ஹார்ன் அடிப்பியா?” என்றாள் பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மி.

“முதல்ல சாயாவைக் குடிக்கச் சொல்லுங்கக்கா. ஆறி ஆடை கட்டிடுச்சு,” என்றாள் கற்பகம்.

ஸாதனா சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்தது. முகம் கழுவிக்கொண்டு ஆலுவாவுக்குக் கிளம்பினாள்.

ஜிஷா கப்பைக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வா மோளே. கத்தியைப் பிடிக்கவே பயமா இருக்கு. கை சொன்னபடி கேக்குதான்னு பாக்கறேன். நரம்பு டாக்டர்கிட்டயும் போனேன். ஒண்ணுமில்லைங்கறார்.”

அதைக் கேட்டபின் ஸாதனாவால் உட்கார முடியவில்லை.

“சேச்சி, உங்க கையில தப்பில்ல. வலதை இழுத்தது நான்.”

கத்தி நின்றது. “இத்தனை நாளும்?”

“லைசென்ஸ் போயிடும்னு பயந்துட்டேன்.”

“நான் எதுக்குப் பயந்தேன் தெரியுமா? இந்தக் கைக்கு! நாளைக்கு யாரைக் கொல்லுமோன்னு. நீ வாயைத் திறக்கல, அல்லே?”

ஜிஷாவின் காதில் விழும்படி ஸாதனா அங்கேயே நின்று பள்ளித் தலைவருக்குப் போன் போட்டாள். காத்திராமல் இழுத்ததையும் மறைத்ததையும் சொன்னாள்.

“உன் பயிற்சி இன்னியோட நிக்குது. விசாரணைக்கு வா,” என்றது மறுமுனை.

“வரேன் சார்.”

ஜிஷா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்தாள். பிறகு கத்தியை எடுத்து ஒரே இழுப்பில் தோலை உரித்தாள். “போயிட்டு வா,” என்றாள். உட்காரச் சொல்லவில்லை. ஸாதனாவும் எதிர்பார்க்கவில்லை.

என் கண்ணுகளே, உங்கள் வீட்டில் யாரும் அடுத்தவர் பிழையைத் தன்னுடையதென்று சுமந்து படுக்காமல் இருக்கட்டும். தாமதமாக உண்மை சொல்ல வருகிறவர்களுக்கும் உங்கள் கதவு திறக்கட்டும். அடுப்பும் விளக்கும் குறையாமல் நன்றாயிருங்கள்.