மூன்று விரல் தண்ணீர்

அன்றைக்கும் மூன்று விரல் குறைந்திருந்தது. ஜீவராணி நீச்சல்குளத்தின் விளிம்பில் குந்தி, குறையத் தொடங்கிய நாளிலேயே நகப்பூச்சால் போட்டுவைத்த சிவப்புக் கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் விரல்களை அடுக்கிப் பார்த்தாள். மூன்று. நேற்றும் மூன்று, முந்தாநாளும் மூன்று. மார்கழிக் குளிரில் கை விறைத்ததுதான் மிச்சம். பெரகல பக்கமிருந்து ஏறிவந்த பனிமூட்டம் குளத்தின் மேல் பாய் விரித்துப் படுத்திருந்தது. அது விலகுகிற நாளில் விளிம்பில் நின்று குனிந்தால், இருபது வரி தேயிலைக்கு நேர் கீழே அவள் குடியிருக்கும் லயத்து வரிசைவீடுகளின் தகரக் கூரை தெரியும். இன்று கூரையும் இல்லை, தேயிலையும் இல்லை, எல்லாம் வெள்ளை.

குளிக்க ஆளில்லாத குளத்துக்கு நடக்கிற உபசாரத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஐப்பசியில் மழை பிடித்தால் மாசி வரைக்கும் குளத்தையொட்டிய அந்த விடுதிப் பங்களாவுக்கு ஒரு ஈ காக்கை எட்டிப் பார்ப்பதில்லை. ஆனாலும் தினம் காலையில் வலைக்கம்பைப் போட்டுச் சவுக்கு இலைகளை அள்ள வேண்டும். இரண்டு மணி நேரம் பம்பு ஓட்ட வேண்டும். குளோரின் கரைத்து ஊற்ற வேண்டும், பாசி ஏறாமல் தேய்க்க வேண்டும். குளிர்காலம் முடியும்வரை இறைத்துப் போட்டுவிடலாமே என்றால் அதுவும் ஆகாதாம். மழைக்கு ஊறிக்கிடக்கும் மண் அடியிலிருந்து நெம்பித் தொட்டியைப் பிளந்துவிடுமாம். மட்டம் இறங்கினாலோ பம்பு காற்றைக் குடித்து எரிந்துவிடுமாம். எல்லாம் மிப்ரான் முதலாளி சொல்லிக்கொடுத்த பாடம். பெரகலயில் கடை போட்டு முன்னுக்கு வந்து, இப்போது கொழும்பில் இருக்கிறவர். ஜீவராணி கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அவரிடம் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. லயத்தில் அவளுக்குத் ‘தண்ணித் தொரசானி’ என்று பட்டம் கட்டியிருந்தார்கள்.

தண்ணீர் குறையத் தொடங்கியதுமே அவள் முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லத்தான் செய்தாள்.

“அது வெயிலுக்கு ஆவியாகிறது தானே, ராணி. ஹோஸைப் போட்டு நெரப்பி விடு.”

வெயிலா? அவள் வெயிலைப் பார்த்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. கொழும்பில் கொளுத்துகிறது போலும். ஆனால் படித்தவர், கட்டினவர், அவருக்குத் தெரியாததா இவளுக்குத் தெரியப்போகிறது? “சரிங்க மொதலாளி” என்று சொல்லிவிட்டு ஹோஸைத் திறந்தாள். அன்றிலிருந்து நாற்பது நாளாகத் தினமும் திறக்கிறாள். சிவப்புக் கோடு முழுகும்வரை தண்ணீர் விழும். அதற்குள் அவள் ஒரு தேத்தண்ணி குடித்து முடித்துவிடுவாள்.

மேலே இப்படி என்றால் கீழே லயத்தில் தண்ணீருக்கு நாய் படாத பாடு. மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போய் ஒரு குடம் பிடித்து வர நாற்பது நிமிடம். அதுவும் திரும்புகையில் முழுக்க ஏற்றம். அப்படிப்பட்ட இடத்தில், கார்த்திகை கடைசியில், லயத்துக்குப் பின்னால் இருந்த மண்கரையில் தண்ணீர் கசிந்தது. முதலில் கண்டவள் பக்கத்துக் காம்பரா வீட்டு இராக்கம்மா. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. மறுநாளே பெண்கள் மம்பட்டி எடுத்துக் கரையை வெட்டினார்கள். மூங்கில் குழாய் செருகினார்கள். ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி, ஆத்தா என்றார்கள். வெட்ட வெட்டத் தண்ணீர் பெருகியது. ஜீவராணியும் வெட்டினாள். இந்தத் தைப்பொங்கலுக்கு ஆத்தா தண்ணீரில்தான் உலை வைப்பது என்று பன்னிரண்டு காம்பராவும் கூடி முடிவு செய்தது.

இதில் ஒன்று சொல்லியாக வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மண்சரிவு ஆபீஸ்காரர்கள் போன வருடம் வந்து, எல்லோரையும் உட்காரவைத்து, பனிஸும் பிளேன்டீயும் கொடுத்துப் பாடம் நடத்திவிட்டு ஒட்டிப்போனது. சரிவில் திடீரென்று புது ஊற்று தோன்றினால், ஊற்று கலங்கினால் அல்லது சட்டென நின்றால், கதவு நிலைகள் கோணினால், உடனே வெளியேறுங்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மலை இறங்கி வந்து ஆட்களை மூடின கதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை. நோட்டீஸை எல்லோரும்தான் படித்தார்கள். ஆனால் பிறந்ததிலிருந்து குடம் சுமந்தவளிடம் போய், வீட்டுப் பின்னால் வந்த தண்ணீரைச் சந்தேகப்படு என்றால் படுவாளா?

பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜீவராணி கீழே இறங்கி வந்தபோது இராக்கம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“ஏ ராணி, இங்க வந்து பாரு. ஆத்தா கண்ணத் தொறந்துட்டா.”

ஊற்றடியில் மஞ்சள் கல்லின் நெற்றியில் ஒரு நீலத் துண்டு பதித்திருந்தது. விரல்நகம் அளவு, சதுரம், கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. அதைச் சுற்றிக் குங்குமம்.

“காலையில கொடத்துல ணங்குன்னு விழுந்துச்சுடி. உள்ளயிருந்து தண்ணியோட வந்துச்சு. ஏழு பேரு பாத்தோம்.”

 இராக்கம்மா தடுக்கத் தடுக்க ஜீவராணி அதைப் பெயர்த்தெடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளைச் சிமெந்து ஒட்டியிருந்தது. ஒன்பது மாதமாக அவள் பிரஷ் போட்டுத் தேய்க்கிற டைல். ஆயிரம் துண்டுக்கு நடுவில் கிடந்தாலும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

“ஏண்டி மொகம் இப்படிப் போச்சு?”

“ஒண்ணுமில்லக்கா. இப்ப வந்துர்றேன்.”

சாப்பாட்டை மறந்து, குறுக்குப்பாதையில் மூச்சிரைக்க ஏறினாள். ஏறும்போதே மனசு சமாதானம் தேடிக்கொண்டிருந்தது. கட்டும்போது மிஞ்சிய டைலை யாராவது எறிந்திருக்கலாம், மழை அடித்துக்கொண்டு வந்திருக்கலாம். குளத்தின் ஆழமான பக்கம் போய் வலைக்கம்பை இறக்கினாள். அடியில் இலைச்சேறு படிந்திருந்தது. தடவிக்கொண்டே போனாள். மூலையில் கம்பு தரையில் தட்டவில்லை. அழுத்தினாள், போனது. இன்னும் அழுத்தினாள், இன்னும் போனது. அவள் உயரத்துக்கு மேல் கம்பு உள்ளே போய், அதற்குப் பிறகும் ஒன்றிலும் தட்டவில்லை.

பயந்துபோய் வெடுக்கென்று இழுத்தாள். கம்போடு ஏதோ பெயர்ந்தது. சேறு குபுக்கென்று கிளம்பி, பிறகு அந்த மூலையை நோக்கிச் சுழன்று இறங்கத் தொடங்கியது. இலைகள் அந்தப் பக்கமாக நகர்ந்தன. காலையில் அவள் முழுகவைத்த சிவப்புக் கோடு வெளியே தெரிந்தது. ஒரு சாண். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சாண்.

அப்போது பனிமூட்டத்துக்குக் கீழேயிருந்து குலவைச் சத்தம் வந்தது.

பெண்கள் குலவையிடுகிறார்கள். ஒருத்தி இல்லை, லயமே சேர்ந்து. ஆத்தா பொங்கலுக்கு முன்னாலேயே பொங்கிவிட்டாள் என்று. ஜீவராணி அந்த விளிம்பில் நின்று குளம் இறங்குவதையும் கீழே குலவை ஏறுவதையும் ஒரே நேரத்தில் கண்டாள், கேட்டாள்.  நாற்பது நாள், நாளுக்கு மூன்று விரல். தேத்தண்ணி குடித்துக்கொண்டே தன் பிள்ளை படுத்திருக்கிற வீட்டின் தலைக்கு மேல் தானே தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். பாவி, பாவி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில் போன் போட்டாள்.

“மொதலாளி, கொளம் அடியில ஓட்டையா இருக்குங்க. தண்ணி பூரா லயத்துக்குப் போகுது.”



“லயத்தில எத்தன பேர் இரிக்காங்க?”

“அம்பது பேருக்கு மேலங்க.”

“குளத்தை விட்டுரு, ராணி. ஆக்கள வெளிய எடு. நான் கவர்மென்ட் கச்சேரிக்கும் பொலிசுக்கும் சொல்றன்.” குரல் உடைந்திருந்தது. “நீ அப்பவே சொன்ன. நான் தானே கேக்கல்ல.”

லயத்தில் திருவிழாவாக இருந்தது. மூங்கில் குழாய் எப்போதோ பிடுங்கியெறியப்பட்டு, மண்கரையிலிருந்து தண்ணீர் தொடை அகலத்துக்குப் பாய்ந்தது. செம்மண் கரைந்து பழுப்பாக இருந்தது. அதைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. குடம், வாளி, சட்டி, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பேசின் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் கொண்டுவந்து நீட்டினார்கள். தண்ணீரோடு நீலத் துண்டுகள் உருண்டு வந்தன. இராக்கம்மா அவற்றைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டிருந்தாள். ஜீவராணியின் மகள் விஜயலெட்சுமி, ஒன்பது வயது, நனைந்த பாவாடையோடு ஓடிவந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

“அம்மா, ஆத்தா எனக்கும் குடுத்துச்சு.”

ஜீவராணி மகளின் கையைத் தட்டிவிட்டாள். டைல்கள் சேற்றில் சிதறின. பிள்ளை விக்கித்துப் போனது. அவளை இடுப்போடு அணைத்துக்கொண்டு, ஜீவராணி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

“அக்கா, இது ஆத்தா தண்ணியில்ல. மேல கொளத்துத் தண்ணி. மலைக்குள்ள ஓட்ட விழுந்திருக்கு. புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்குப் போங்க.”

குலவை நின்றது.  இராக்கம்மா மடியிலிருந்த துண்டுகளை ஒரு கையால் பொத்திக்கொண்டாள்.

“நாங்க ஒரு கொடத்துக்கு நாயா அலஞ்சப்ப, நீ மேல நெரப்பிக்கிட்டு இருந்த” என்றாள் மெதுவாக. “இப்ப வந்ததையும் ஒன்னோடதுங்கிறியா?”

“நோட்டீச நெனச்சுப் பாருக்கா. நீயும் நானும் ஒண்ணாத்தானே ஒக்காந்து கேட்டோம்.”

 இராக்கம்மாவுக்குப் பின்னால் ஒருத்தி கைக்குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள். இன்னொருத்தி பின்தொடர்ந்தாள். மற்றவர்கள் குடத்தை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லாமல், தூக்கிக்கொண்டு போகவும் தெம்பில்லாமல் நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் தண்ணீர் இளைத்தது. தொடை அகலம் கையளவாகி, கயிறாகி, சொட்டாகி, கடைசியில் கரையில் ஈரம் மட்டும் பளபளத்தது. இத்தனை நாள் இரவும் பகலும் கேட்ட சலசலப்பு இல்லாமல் போனதும், லயம் முழுக்க ஒரு ஊமை அமைதி விழுந்தது. இராக்கம்மா நிறைந்த குடத்துக்குள் பார்த்தாள். அடியில் செம்மண் தங்கியிருந்தது.

எங்கோ கிரீச்சென்றது. எல்லோரும் திரும்பினார்கள். மூன்றாம் காம்பரா, ஜீவராணியுடையது. காலையில் அவள் இழுத்துச் சாத்தி, கொண்டி மாட்டிப் பூட்டிவிட்டுப் போன கதவு. நிலை ஒருபக்கம் கோணி, கொண்டி அதைவிட்டுப் பிதுங்கிப் பூட்டோடு தொங்கியது. பனிமூட்டத்தில் ஒரு தேயிலை இலைகூட அசையவில்லை. கதவு சிமெந்துத் தரையை உரசிக்கொண்டு, உள்ளேயிருந்து யாரோ வழிவிடுகிற மாதிரி, மெல்ல மெல்லத் திறந்துகொண்டிருந்தது.